காகிதப் பையில் வந்த பழம்

ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை கடத்தூரிலிருந்து வந்த சவரி, கோழிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட்டான்.

"மச்சான், புள்ளயப் பாத்தா புள்ளயாட்டமா இருக்குது? சோளத்தட்டையாட்டம் இருக்குது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தி மறுபடியும் வருவேன். அதுக்குள்ள ஒடம்புல கொஞ்சம் சதை ஏறலைன்னா நான் கூட்டிக்கினு போயிடுவேன். எங்க வூட்டுல நாலு புள்ளைங்களோட அஞ்சாவதா வளந்துட்டுப் போவட்டும்."

ஞானராஜ் தலையை ஆட்டினான். அவன் பால் சங்கத்தில் காலையும் மாலையும் பால் அளக்கிறவன். பாலில் யார் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். மனிதர்கள் பேச்சில் என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. மச்சினன் பாசத்தில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, "ஆவட்டும் சவரி" என்றான்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த ரோசம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு அவள் வந்தது தை மாதத்தில்தான். ஞானராஜின் முதல் சம்சாரம், சவரியின் கூடப்பிறந்த தங்கை ராஜமேரி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் தர்மபுரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் விட்டுப்போன பிள்ளைதான் லூர்துமேரி. ஏழு வயது. பார்க்கிறவர்கள் ஐந்து என்பார்கள்.

இந்தச் சம்பந்தம் வந்தபோது, "ரெண்டாந்தாரம், அதுவும் புள்ள இருக்கிற எடம்" என்று பென்னாகரத்தில் ரோசம்மாளின் அண்ணி முகத்தைச் சுளித்தாள். பிள்ளை இருக்கிறது என்பதால்தான் ரோசம்மாள் சரி என்றாள். பத்து வயதில் பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போனவள் அவள். ஜெயநகரில் ஒரே வீட்டில் இருந்து மூன்று பிள்ளைகளை மூக்குத் துடைத்து, சோறு ஊட்டி, சடை பின்னி ஆளாக்கினாள். ஆளானதும் அவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்கு அம்மா இருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை ஒன்று கிடைத்தால் அது தன்னுடையதாக இருக்கும் என்று ரோசம்மாள் நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் லூர்து அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "தண்ணி வேணுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சோற்றில் இரண்டு பிடி தின்றுவிட்டு, போதும் என்று வட்டிலை நகர்த்துவாள். அழுகை கிடையாது, அடம் கிடையாது. அடம் பிடித்தாலாவது இரண்டு அடி போட்டுச் சமாதானப்படுத்தலாம். பெற்றவள் அதட்டி ஊட்டினால் அது பாசம். சின்னம்மாக்காரி அதட்டினால் ஊரே வேலியோரம் நின்று கேட்கும்.

சவரி போன அன்று சாயங்காலமே ரோசம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஜெயநகர் வீட்டுப் பிள்ளைகளும் சோற்றைக் கண்டால் ஓடினவைதான். பழத்தைப் பாலோடு அடித்து, நுரை பொங்க டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் குடித்து, மேலுதட்டில் மீசையோடு நிற்பார்கள். அங்கே மிக்ஸி இருந்தது. இங்கே கரண்டே ஒரு குண்டு பல்புக்குத்தான் வந்தது, அதுவும் நினைத்தால் வரும். போகட்டும், மத்து இருக்கிறதே. மிக்ஸி செய்கிற வேலையை மத்தும் செய்யும். ஊரைக் கூட்டிச் சத்தம் மட்டும் போடாது.

மறுநாள் பஸ் ஏறி இண்டூர் போய், தீர்த்தகிரியின் பழக்கடையில் சாத்துக்குடி வாங்கி வந்தாள். காகிதப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர், "யாருக்கம்மா ஒடம்பு சரியில்ல?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லிங்க. புள்ளைக்கு வாங்கினேன்."

"அடப்பாவமே" என்றார் அவர். கேள்வியைப் பார், பாவத்தைப் பார் என்று ரோசம்மாள் மனசுக்குள் முனகிக்கொண்டே நடந்தாள். வாசலில் நின்றிருந்த லூர்து பையைப் பார்த்தாள். பார்த்தவள் உள்ளே போய், ராகிக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ரோசம்மாள் பழங்களைக் குறுக்கே அரிந்து, கையால் பிழிந்து, கொட்டை போக வடிகட்டி, பானைத் தண்ணீர் விட்டு, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். லூர்து அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு புழக்கடைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. அன்று முழுக்க ரோசம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் முருங்கைமரத்தடியில் சாரை சாரையாக எறும்பு. எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சரி, சாத்துக்குடி புளிப்பு, பிடித்திருக்காது என்று அடுத்து வாழைப்பழத்துக்குப் போனாள். தோல் கறுத்து, இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு மாட்டுக்கு என்கிற நிலையில் இருந்த பழங்களைத் தீர்த்தகிரி ஒரு சீப்பாகவே தள்ளிவிட்டார். இந்த வேலைக்கு அந்தப் பழம்தான் ராசி. தேன் மாதிரி இனிக்கும், வெல்லம் பேருக்குப் போட்டால் போதும். பிசைந்து, காய்ச்சி ஆறவைத்த பாலை விட்டு, ஒரு ஏலக்காயை நசுக்கிப் போட்டு மத்தால் கடைந்தாள். வாசனை வேலியைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளின் பிள்ளைகள் மாதப்பனும் குள்ளம்மாளும் வேலியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாணாங்க" என்றாள் லூர்து.

"ஒரு வாய் குடிச்சிப் பாரு கண்ணு."

"வாணாங்க."

அந்த டம்ளரை மாதப்பன் குடித்தான். சட்டியில் ஒட்டியிருந்ததைக் குள்ளம்மாள் வழித்து நக்கினாள். மறுநாள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே டம்ளர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்தது பப்பாளி. கண்ணம்மாளின் வேலியில் காய்த்ததுதான். "பப்பாளி சூடு. அதப் போயி பாலோட சேத்தினா வயித்த வலிச்சி எடுத்துடும், சொல்லிப்புட்டேன்" என்றாள் கண்ணம்மாள். ரோசம்மாள் பாலை விட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, வெல்லத்தைக் கரைத்து ஊற்றிக் கடைந்தாள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. தெருவிலிருந்து இன்னும் சில டம்ளர்கள் வந்தன. ஒருநாள் சப்போட்டா, ஒருநாள் வாழைப்பழத்தோடு ஒரு கை வேர்க்கடலையை வறுத்து அரைத்துப் போட்டது. ஞானராஜ் கொண்டுவந்த பாலில் பாதி தண்ணீரைக் கலந்து ரோசம்மாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினாள். பால் அளக்கிறவன் வீட்டிலேயே தண்ணீர் கலந்த பால்! அவன் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கன்னத்தில் சதை வைத்தது. லூர்துவுக்கு மட்டும் வைக்கவில்லை. அவள் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழச்சாறு செய்ய ஆரம்பித்த பிறகு அவள் முன்னைவிட வாடிவிட்டாள் என்பதை ரோசம்மாளே பார்த்தாள். இரண்டு பிடி சோறு ஒரு பிடியானது.

வைகாசிக் காற்று ஒன்று அடித்து மாந்தோப்பில் காயும் பழமுமாகக் கொட்டியது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன ரோசம்மாள், தோப்போரம் குள்ளம்மாளோடு நின்றிருந்த லூர்துவைப் பார்த்தாள். கையில் ஒரு மாம்பழம். நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சாறு முழங்கை வரைக்கும் ஒழுகியது. அதையும் நக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஆசை ஆசையாகத் தின்றாள்.

ரோசம்மாள் தழையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். இத்தனை நாளும் புளிப்பு பிடிக்கவில்லை, பால் வாடை ஆகவில்லை என்று எதையாவது சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். இனிமேல் அதற்கும் வழியில்லை. பழம் பிடிக்கும். பிடிக்காதது தன்னுடைய கை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுத வேகம் கோபமாகத் திரும்பியது. அன்று சாயங்காலம் மாம்பழத்தைப் பிழிந்து பால் விட்டுக் கடைந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு போய் லூர்துவின் முகவாயைப் பிடித்தாள். "தோப்புல தின்னத் தெரியுது இல்ல? இதுவும் அதே பழந்தான். குடி!" லூர்து பல்லைக் கடித்துக்கொண்டாள். சாறு கழுத்து வழியாகப் பாவாடையில் வழிந்தது. பிள்ளை அழவில்லை. பெரிய கண்ணை விரித்து ரோசம்மாளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. பயம்தான் இருந்தது. அதைக் கண்டதும் ரோசம்மாளின் கை தானாகக் கீழே இறங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விடிவதற்குள், "ஞானராஜ் பொண்டாட்டி புள்ள வாயில எதையோ ஊத்தறாளாம்" என்று பேச்சு கடைவீதி வரைக்கும் போய்விட்டது.

காலையில் கண்ணம்மாள் நேரே வந்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவள் இல்லை. பேசினாலும் முகத்துக்கு நேரே ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிற ரகம்.

"ரோசம்மா, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. ஒம் புள்ள அதோட நீலக் கண்ணாடி வளையலெல்லாம் எங்க குள்ளம்மாகிட்டக் குடுத்துடுச்சு, தெரியுமா ஒனக்கு?"

ரோசம்மாளுக்குத் தெரியாது. அந்த வளையல்கள் ராஜமேரி மாதா கோயில் தேருக்குப் போனபோது வாங்கிப் போட்டவை. இரண்டு வருஷம் ஆகியும் பிள்ளையின் கை பெருக்காததால் இன்னும் அளவாகவே இருந்தன. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

"எதுக்குக் குடுத்தாளாம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். 'நான் செத்தப்பறம் ஒனக்குத்தான், இப்பவே போட்டுக்கோ'ன்னு சொல்லிச்சாம். ஏழு வயசுப் புள்ள பேசற பேச்சா இது? நீ என்னா சொல்லி வெச்சிருக்கிற அதுகிட்ட?"

ரோசம்மாள் புழக்கடைக்குப் போனாள். லூர்து துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. ரோசம்மாள் கீழே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணு, யாரு சொன்னது நீ செத்துப்போவேன்னு?"

"யாரும் சொல்லலிங்க."

"பின்ன?"

லூர்து முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினாள். "நீங்கதான் எனக்குப் பழம் வாங்கிக்கினு வர்றீங்களே."

ரோசம்மாளுக்கு விளங்கவில்லை. பிள்ளையே விளக்கியது, பாடம் ஒப்பிக்கிற குரலில். "அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் பையில பழம் கொண்டாந்தாங்க. பிழிஞ்சி டம்ளர்ல குடுத்தாங்க. நான் கட்டிலுக்கு அடியில குந்திக்கினு இருந்தேன். எனக்கு ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். நோவு வந்தவங்களுக்குத்தான் பழம், நமக்கு எதுக்குன்னு மாமா சொன்னாரு. அம்மா தெனமும் குடிச்சிது. அப்பறம் செத்துப்போச்சு."

"ஒனக்கு நோவு ஒண்ணும் இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கிற."

"அம்மாகிட்டயும் அப்படித்தாங்க சொன்னாங்க."

 

பழம் அந்தப் பக்கத்தில் இரண்டு வகை. கல்லால் அடித்துத் தின்பது ஒன்று. மாங்காய், கொய்யா, இலந்தை, நாவல் எல்லாம் அதில் சேர்த்தி; தோப்புக்காரன் கையில் அகப்பட்டால் முதுகில் விழுவதுதான் அதற்கு விலை. அதைத் தின்று யாரும் செத்ததில்லை. இன்னொன்று, கடையில் எடை போட்டு, காகிதப் பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவது. அது கட்டில் ஓரத்துக்குப் போகிற பழம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாலே, யார் படுத்திருக்கிறார்கள் என்றுதான் ஊர் கேட்கும். பத்து வயது வரைக்கும் ரோசம்மாளும் இதைத் தெரிந்துதான் வளர்ந்தாள். மேசைமேல் பழக்கூடை இருக்கிற வீட்டில் வாழ்ந்ததில் மறந்துபோனாள். புளியமரத்தடிக் கிழவரின் "அடப்பாவமே" இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது. பிள்ளைக்குத் தெம்பு ஏற்றுகிறோம் என்று நினைத்து, நாள் தவறாமல், உனக்குச் சாவு வருகிறது என்று டம்ளரில் ஊற்றி நீட்டியிருக்கிறாள்.

அன்றிலிருந்து அடுப்படியில் மத்து ஆணியில் தொங்கியது. தெருப் பிள்ளைகள் டம்ளரோடு வந்து, முகம் தொங்கித் திரும்பினார்கள். ரோசம்மாள் லூர்துவிடம் பழத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நேரம் கொடுத்தால் மறந்துவிடும் என்று நம்பினாள். ஆனால் நேரம் கொடுக்கச் சவரி தயாராக இல்லை. ஊரில் கிளம்பின பேச்சு கடத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருந்தது. அந்த வாரக் கடைசியிலேயே, சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினான்.

நோஞ்சான் பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? அவன் கையில் ஒரு காகிதப் பை இருந்தது. நிறையச் சாத்துக்குடி.

லூர்து, "மாமா" என்று வாசல் வரைக்கும் ஓடினாள். பையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். திரும்பி நடந்து குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

"என்னா பண்ணி வெச்சிருக்கிறீங்க புள்ளைய?" என்று சவரி செருப்பைக் கழற்றாமலே சத்தம் போட்டான். "என்னையப் பாத்தே மெரளுது!"

"ஒங்களப் பாத்து இல்லண்ணே. பையப் பாத்து" என்றாள் ரோசம்மாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் முகவாயைப் பிடித்ததையும் சேர்த்துச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு பழம் கேட்டதும், அதற்கு அவன் சொன்ன பதிலும் வந்தபோது, சவரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"நானா சொன்னேன்?" என்றான். பிறகு அவனே, "சொல்லியிருப்பேன். மேரிக்கு அதுதான் உள்ள எறங்குச்சு. ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருந்தோம்" என்றான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். தங்கையைப் பறிகொடுத்தவன். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. "நீ நல்லவதாம்மா. உன்மேல குத்தம் சொல்லல. ஆனா புள்ளைக்கு இந்த வூடே பயமாயிடுச்சு. காலையில மொதல் பஸ்ஸுக்கு நான் கூட்டிக்கினு போறேன். எங்க வூட்டுல பழமே வாங்க மாட்டோம்."

ஞானராஜ் வாயைத் திறக்கவில்லை. ரோசம்மாள் குதிர்ப் பக்கம் பார்த்தாள். பிள்ளை போய்விடும். எங்கே போனாலும் அந்தப் பயமும் கூடவே போகும். நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்து யாராவது ஒரு பழத்தை நீட்டினால், பிள்ளை பயத்திலேயே பாதி செத்துவிடும்.

எழுந்து போய்ப் பையை எடுத்தாள். அரிவாள்மணையையும் டம்ளரையும் கொண்டுவந்து, குதிருக்கு எதிரே, பிள்ளை பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்தப் பழம் யாருக்கு வாங்கினது?"

"புள்ளைக்குத்தான்..."

"இல்ல. எனக்கு. எனக்குன்னு சொல்லுங்க."

சவரி முழித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, ஒனக்குத்தான்" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க."

"ரோசம்மாளுக்குத்தான் வாங்கியாந்தேன்!"

பழங்களை அரிந்து பிழிந்தாள். ஆஸ்பத்திரியில் பிழிகிற மாதிரியே, சர்க்கரை உப்பு எதுவும் இல்லாமல், டம்ளர் தளும்பும்வரை பிழிந்தாள். தூக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். குதிருக்குப் பின்னாலிருந்து பிள்ளை பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"குடிக்காதிங்க! வாணாம் சின்னம்மா, கொட்டிடுங்க! கொட்டிடுங்க சின்னம்மா!"

நாலு மாதமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது. டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்ள ரோசம்மாளுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. ஆனால் இப்போது கொட்டினால், கொட்டியதால்தான் சின்னம்மா பிழைத்தாள் என்று ஆகிவிடும். பிள்ளையின் கையை விலக்கினாள். ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். லூர்து வீறிட்டு அழுதாள். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று சவரி பிற்பாடு சொன்னான். சோறு தின்னாமல், சமாதானம் ஆகாமல், அழுது அழுது ரோசம்மாளின் முந்தானையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

"என்னா கூத்தும்மா இது?" என்றான் சவரி.

ஞானராஜ் அன்றைக்கு அதிசயமாக ஒரு வார்த்தை பேசினான். "எதுவானாலும் காலையில பாத்துக்கலாம் சவரி."

விடியும் நேரத்தில் ஞானராஜ் பால் சங்கத்துக்குக் கிளம்பிப் போன சைக்கிள் சத்தம் கேட்டு ரோசம்மாளுக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் பிள்ளை எழுந்து உட்காருவது தெரிந்தது. பிறகு மூக்குக்குக் கீழே ஒரு சின்ன விரல் வந்து நின்றது. ரோசம்மாள் தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, புஸ்ஸென்று அதன்மேல் விட்டாள்.

விரல் போகவில்லை. இன்னொரு மூச்சுக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகும் காத்திருந்தது. கடைசியில் ஒரு கண் இமையைத் தூக்கிப் பார்த்தது.

"உசுரோட இருக்கிறீங்களா?"

"இருக்கறேன்."

"வயிறு நோவுதுங்களா?"

"பசிக்குது."

லூர்து யோசித்தாள். இந்தப் பிள்ளை எதையும் யோசிக்காமல் ஒப்புக்கொள்கிற பிள்ளை இல்லை. "எனக்கும்" என்றாள்.

வைக்கோலில் பழுக்கப் போட்டிருந்த மாம்பழம் இருந்தது. ரோசம்மாள் பழத்தைக் கொடுத்தாள், பிழிந்தது லூர்துவேதான். இரண்டு கையும் மஞ்சளாக, கொட்டையை உருவி உருவிப் போட்டாள். ரோசம்மாள் பாலும் வெல்லமும் விட்டாள். மத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடைந்தார்கள். பாதி வெளியே தெறித்தது. இரண்டு டம்ளரில் ஊற்றினார்கள்.

"நீங்க மொதல்ல" என்றாள் லூர்து.

ரோசம்மாள் குடித்தாள். பிள்ளை அவளையே பார்த்தது. பிறகு தன் டம்ளரைத் தூக்கியது. ரோசம்மாள் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். முதுகுக்குப் பின்னால் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பியபோது, மேலுதட்டில் மஞ்சள் மீசையோடு லூர்து தன் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் எழுந்து, புழக்கடை வழியாக ஓடினாள்.

சவரி வாசலில் தயாராக நின்றிருந்தான். தலை வாரி, பையை எடுத்துக்கொண்டு, "புள்ள எங்கம்மா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். ரோசம்மாள் பதில் சொல்வதற்குள் கண்ணம்மாள் வீட்டிலிருந்து சண்டை கேட்டது.

"குடுத்தது குடுத்ததுதான்! திருப்பிக் கேக்கக் கூடாது!" இது குள்ளம்மாள்.

"நான் செத்தாத்தான் ஒனக்குன்னு சொன்னேன்!" இது லூர்து. அவளிடமிருந்து அதுவரை யாரும் கேட்டிராத குரல், ஊர்க்கோடி வரைக்கும் கேட்கிற குரல். "நான்தான் சாவலியே! குடுடி என் வளையல!"

சவரி வேலிப் பக்கம் பார்த்தான். பிறகு ரோசம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க" என்றான். "நான் வர்றேம்மா."

அவன் தனியாக நடந்து புளியமரத்தடிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்தச் சண்டை கேட்டுக்கொண்டே இருந்தது.